உபதேசியாருக்கு ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணையை உயர்த்திக் காட்டும் நேரம். கோயிலே மூச்சை அடக்கிக்கொண்டு முழங்காலில் நின்றது. சாமியாருக்கு உதவியாக நின்று மணியடிக்க வேண்டிய உபதேசியார் ராயப்பன் மணியடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, "இதோ வந்துட்டேன், சரசம்மா!" என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை முக்காட்டுக்குள் அமுக்கிக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் அந்த முயற்சியும் இல்லை. திடுக்கிட்டு விழித்த ராயப்பன் கையிலிருந்த மணியை அவசர அவசரமாக ஆட்டினார். வீடு பற்றி எரியும்போது ஊரைக் கூப்பிடுகிற மாதிரி அது அடித்துக்கொண்டே இருந்தது. பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்த பிறகுதான் ஓய்ந்தது.

உண்மையில் ராயப்பன் அந்த நேரத்தில் கோயிலில் இல்லை. பனி மூடிய ஒரு புல்வெளியில் நடந்துகொண்டிருந்தார். முன்னால் வெள்ளை உடுப்பில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். காலடியில் புல் நனைந்திருந்தது. ஆனால் முன்னால் போனவர் நடந்த இடத்தில் ஈரம் கலையவே இல்லை. அவர் நின்றார். திரும்பினார். ஏதோ சொல்லப் போனார். உதடு அசையப் போகிற அந்தக் கணத்தில்தான், "உபதேசியாரண்ணா, வேலி சாஞ்சிடுச்சு!" என்று எங்கிருந்தோ சரசம்மாவின் குரல் கேட்டது.

அந்தக் கனவு அவருக்கு அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் அவர் திரும்புவார். ஒவ்வொரு முறையும் யாராவது கூப்பிடுவார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் அவரை உள்ளே அழைத்தார். இருதயநாதர் சாமியார் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து மத்திகிரிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உபதேசியாருக்கு மகன் வயது. மார்கழிப் பனிக்கு இன்னும் பழகாததால், அங்கிக்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் ஒரு துண்டு என்று சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு அந்தச் சரசம்மா?"

"பூந்தோட்டத்துக்காரம்மாங்க, சாமி. தெலுங்குக்காரங்க. வேலி கட்டித் தரச் சொன்னாங்க."

"பூசை நடுவுலயா?"

"இல்லீங்க சாமி, கனவுல."

சாமியார் சிரிப்பை அடக்க மூக்கைச் சிந்தினார்.

"உபதேசியாரே, நீர் கடைசியா எப்பத் தூங்கினீர்?"

"இப்பத்தானுங்க, சாமி."

"சரி. கடைசியா எப்ப செபம் பண்ணினீர்?"

ராயப்பனுக்கு இது சுலபமான கேள்வியாகத் தோன்றியது. "காலையில, மத்தியானம், பொழுது சாய, மூணு வேளையும் மணியடிச்சு எல்லாரையும் செபம் பண்ண வைக்கிறேனுங்களே!"

"அது அவங்க செபம். உம்ம செபம்?"

ராயப்பன் யோசித்தார். காலையில் மணியடித்துவிட்டு முழங்காலில் நிற்கும்போதே, மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் கங்கப்பன் வாசலில் வந்து நிற்பான். கூரையில் ஓலை பறந்துவிட்டது என்பான். மத்தியானம் ராகிக் கொல்லைக்காரர் திம்மப்பன். சாயங்காலம் சரசம்மா. அவர்களில் யாரும் கோயிலுக்கு வருகிற வேதக்காரர்கள் இல்லை. ஆனால் உதவி என்று வந்தவர்களிடம் ராயப்பன் வேதம் கேட்பதில்லை. மனைவி ஆரோக்கியம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கோலார் தங்கவயலில் குடும்பமாக இருக்கிறாள். மனைவி போன பிறகுதான் இந்த ஊருக்குத் தன்னிடம் இவ்வளவு வேலை இருக்கிறதென்றே தெரிந்ததோ என்று அவருக்குச் சில சமயம் தோன்றும்.

"நான் இல்லாட்டி அவங்களுக்கு ஒண்ணும் ஓடாதுங்க, சாமி" என்றார். அதில் கொஞ்சம் அலுப்பு இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஆண்டவரே கூட்டத்தை விட்டுட்டு மலைக்குத் தனியாப் போனாரு. அன்னிக்கும் நோயாளிங்க வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. இருந்தும் போனாரு. நீர் அவரை விடப் பெரிய வேலைக்காரரா?"

ராயப்பன் தலை குனிந்தார்.

"வர்ற புதன்கிழமை முழுக்க யார் வேலையும் செய்யக்கூடாது. என் வேலையும் சேர்த்துத்தான். பண்ணைக்குப் பின்னால கரட்டுமேல ஒரு சிலுவை இருக்கே, அங்க போய் உட்காரும். செபம் வந்தா செபம், தூக்கம் வந்தா தூக்கம். இது என் உத்தரவு."

ராயப்பன் வெளியே வந்தபோது பனி இன்னும் விலகவில்லை. பண்ணையில் மாடுகளோடு வளரும் குதிரைகள் பனிக்குள்ளிருந்து தலை மட்டும் நீட்டி அவரைப் பார்த்தன. ஒரு நாள் முழுக்கத் தனக்கே! நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. கனவு முடிகிற இடம் வரைக்கும் இந்த முறை போய்விடலாம்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான். ஊரிடம் எப்படிச் சொல்வது? 'புதன்கிழமை யாரும் வராதீர்கள், நான் செபம் பண்ணப்போகிறேன்' என்றால், பெரிய முனிவர் என்று நினைத்துக்கொண்டாரே என்பார்கள். முடியாது என்று சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை. அந்த வார்த்தை தொண்டைவரை வரும். பிறகு இருமலாக மாறிவிடும்.

கங்கப்பன் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டான்.

"ணா, புதன்கிழமை எனக்கு லீவு. கொட்டாய்க் கூரையைப் பிரிச்சு மேஞ்சிடலாமாணா?"

ராயப்பன் இருமினார். இருமல் நிற்பதற்குள் வாயில் ஒரு பொய் தயாராகியிருந்தது.

"புதன்கிழமை கிருஷ்ணகிரி போறேம்ப்பா. ஒரு சோலி."

கங்கப்பன் முகம் ஏனோ வாடிப்போயிற்று. "தனியாவாணா?" என்றான். "ஆமாப்பா" என்றதும் வேகமாக நடந்துவிட்டான். அப்பாடா, இவ்வளவு சுலபமா என்று ராயப்பன் நினைத்தார்.

பொழுது சாய்வதற்குள் அது எவ்வளவு சுலபமில்லை என்பது தெரிந்துவிட்டது. முதலில் திம்மப்பன் ஒரு பெட்டைக் கோழியோடு வந்தார். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், அவசரத்தில் இரண்டும். கொஞ்சம் என்பது எப்போதும் அவர் வாயில் 'சொல்ப' என்றுதான் வரும்.

"உபதேசியாரே, கிருஷ்ணகிரில நம்ம தங்கச்சி இருக்குது. இந்தக் கோழிய சொல்ப அவகிட்ட குடுத்துட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டு, அங்கயே ஊட்டா பண்ணிட்டு வாங்க. நல்லா சமைப்பா."

அடுத்து சரசம்மா ஒரு கூடைச் சாமந்தியும், நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரமும் கொண்டுவந்தாள். பூ சந்தைக்கு, கடிகாரம் ரிப்பேருக்கு. "அது சரியாகிற வரைக்கும் கூடவே உக்காந்திருங்கண்ணா, இல்லாட்டி உள்ள இருக்கறதை மாத்திடுவானுங்க" என்றாள். பிறகு யாரோ ஒரு மூட்டை அவரைக்காய். யாரோ தீட்டிவரச் சொல்லி ஒரு கலப்பைக் கொழு முனை. இருட்டுவதற்குள் அவர் வீடு கிருஷ்ணகிரிச் சந்தையின் ஒரு மூலையைப் போலாகிவிட்டது. கோழி அவர் செபப் பலகையின்மேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு மட்டும் தியானம் கைகூடியது.

ராயப்பன் படுத்து யோசித்தார். கிருஷ்ணகிரி என்று சொன்னதுதான் தப்பு. அது பெரிய ஊர். எல்லாருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். யாருக்கும் சோலி இல்லாத ஊராகச் சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, "கிருஷ்ணகிரி போகலை. அதுக்குப் பதிலாத் தளிக்குப் போறேன்" என்று அறிவித்தார்.

திம்மப்பன் பிறந்த ஊர் தளி என்பதை அவர் மறந்துபோனார்.

"தளியா! நம்மூரு!" திம்மப்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்படின்னா கோழி தங்கச்சிக்கு வேணாம், அண்ணனுக்கு ஆகட்டும். ஆனா அண்ணனுக்கு வெறும் பெட்டைய அனுப்பினா மரியாதி இல்லை." வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சேவலையும் தூக்கிக்கொண்டு வந்தார். "திரும்பி வர்றப்ப அண்ணன் ஒரு கன்னுக்குட்டி குடுப்பாரு. சொல்ப ஓட்டிட்டு வந்துடுங்க. சாதுக் கன்னுதான். ரோட்டுல மட்டும் ஓடும்."

"அப்ப கடிகாரம்?" என்று ராயப்பன் சரசம்மாவைப் பார்த்தார்.

"அதுக்கென்னண்ணா, வியாழக்கிழமை கிருஷ்ணகிரி போயிட்டு வாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, மறுநாளைக்கு ஒண்ணு. மனுசனுக்குப் போக்குவரத்து இருந்தாத்தான் நல்லது."

ஆக, ஒரு நாள் ஓய்வுக்கு முயன்றதில் இரண்டு நாள் பயணமும் ஒரு கன்றுக்குட்டியும் சேர்ந்துகொண்டன.

செவ்வாய்க்கிழமை ராயப்பன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். காய்ச்சல் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். காய்ச்சல்காரனைத் தளிக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். புதன்கிழமையும் கம்பளிக்குள்ளேயே கிடந்து செபமாலையை உருட்டலாம். கரடு கிடைக்காவிட்டாலும் கம்பளியாவது கிடைக்குமே.

அரை மணி நேரத்தில் தெருவே உள்ளே இருந்தது.

கங்கப்பன், பண்ணையில் மாட்டாஸ்பத்திரி வேலை பார்க்கும் மதுரைவீரனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மதுரைவீரன் அதிகம் பேசாத ஆள். பேச்சில்லாத உயிர்களோடேயே பழகியவன். ராயப்பனுக்குப் பக்கத்தில் குந்தி, முதலில் அவர் காதைப் பிடித்துப் பார்த்தான். பிறகு மூக்கு நுனியைத் தொட்டான்.

"காது சில்லுனு இருக்குது. மூக்கு ஈரமா இருக்குது. நல்ல அடையாளம்தான்" என்றான். கங்கப்பனைத் திரும்பிப் பார்த்து, "காலையிலருந்து அசை போட்டாரா?" என்று கேட்டான்.

"ஏய், அவர் உபதேசியாருப்பா!"

"பழக்க தோசம். சாப்பிட்டாரான்னு கேட்டேன்."

சுக்கு, மிளகு, வெல்லம் சேர்த்து ஓர் உருண்டை உருட்டினான். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய உருண்டை. வழக்கமாக அதை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வாய் பெரிது. அவன் இடது கையால் ராயப்பனின் தாடையைத் தூக்கி, தொண்டையை நீவிவிட்டபோது, எதிர்க்க வழியில்லாமல் அது உள்ளே போயிற்று. அதன்பின் சரசம்மா வீட்டுக் கஷாயம், திம்மப்பன் மனைவி அனுப்பிய மிளகு ரசம், யாரோ கொடுத்த துளசிச் சாறு. மத்தியானத்துக்குள் அவருக்கு நிஜமாகவே வியர்த்து, நிஜமாகவே தலை சுற்றியது.

"பாத்தீங்களா, காய்ச்சல் உச்சிக்கு ஏறிடுச்சு" என்றாள் சரசம்மா. "இவரைத் தனியா விடப்படாது. கங்கப்பா, ராத்திரிக்கு நீ இங்கயே படுத்துக்கோ. நாளைக்குப் பகல் முழுக்க நாங்க யாராவது மாத்தி மாத்திக் கூட இருக்கோம்."

ராயப்பன் கம்பளிக்குள் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரு நாள் செபத்துக்காக மூன்று பொய் சொல்லியாயிற்று. இந்தப் பொய்களுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவே தனியாக ஒரு நாள் வேண்டியிருக்கும் போலிருந்தது.

புதன்கிழமை விடிவதற்கு முன் அவருக்கு விழிப்பு வந்தது. கதவோரத்தில் கங்கப்பன் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ராயப்பன் எழுந்தார். தலையணையை நீளவாக்கில் போட்டுக் கம்பளியால் மூடினார். கங்கப்பனைத் தாண்டி, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, வெளியே பனிக்குள் காலை வைத்தார்.

ஊர் காணாமல் போயிருந்தது. வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமை. திம்மப்பன் கொல்லைக் கிணற்றடியில் நின்று முகம் கழுவினார். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. தோள் துண்டைக் கிணற்று மேட்டில் வைத்தவர், எடுத்துக்கொள்ளாமலே நடந்தார். பண்ணைக் குதிரைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவை புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் மட்டும் பனிக்குள் இங்கும் அங்கும் கேட்டது. தைல மரங்களின் வாசனை வழிகாட்டிக்கொண்டே வந்தது.

கரட்டின் உச்சியில் சிலுவை ஈரமாக நின்றது. அதன் அடியில் ஒரு பாறை, ஒரு மனிதன் சாய்ந்துகொள்ளத் தோதாக. ராயப்பன் முழங்காலிட்டார்.

செபம் வரவில்லை. வேலைதான் வந்தது. "ஆண்டவரே, கங்கப்பனுக்கு..." என்று தொடங்கினால் கூரை ஞாபகம் வந்தது. "சரசம்மாவுக்கு..." என்றால் வேலி. "திம்மப்பனுக்கு..." என்றால் கன்றுக்குட்டி ரோட்டில் ஓடியது. ஊரில் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுத்து முடித்தபோது, ஒரு நாள் கூலி வேலை செய்த களைப்பு அவருக்கு வந்துவிட்டது. பேர்கள் தீர்ந்துபோயின. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாறையில் சாய்ந்தார்.

புல்வெளி வந்தது.

வெள்ளை உடுப்புக்காரர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். நின்றார். திரும்பினார். ராயப்பன் யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. அருகில் பார்க்கும்போது அவர் முகம் நெடுந்தூரம் நடந்துவந்த முகமாக இருந்தது. காலில் செம்மண். அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"என்ன செய்யட்டுங்க, ஆண்டவரே? தண்ணி கொண்டாரட்டுமா? காலை அமுக்கி விடட்டுமா?" ராயப்பன் பரபரத்தார்.

"ஒண்ணும் வேண்டாம், ராயப்பா" என்றார் அவர். "பக்கத்துல உக்காரு."

இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று முதலில் இருந்தது. உட்கார்ந்தார். இருவரும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி விலகவும் இல்லை, அடரவும் இல்லை. சற்றுத் தள்ளி ஆரோக்கியம்மாவும் வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எப்போதும் போலக் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு நிறைவாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக எங்கேயோ முடிச்சு விழுந்துகிடந்த ஒன்று, இழுக்காமலே அவிழ்ந்தது. தூக்கத்திலேயே அழுதார், சுகமாக அழுதார்.

கண் விழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. கீழே ஊர் முழுசாகத் தெரிந்தது. திம்மப்பன் கொல்லைக் கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டமாக இருந்ததும் தெரிந்தது.

ஐயோ, யாரோ விழுந்துவிட்டார்கள்! இன்று யார் வேலையும் செய்யக்கூடாது என்ற உத்தரவு அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதித் தூக்கம் கண்ணில் ஒட்டியிருக்க, சரிவில் ஓடினார்.

எல்லாரும் கிணற்றைப் பார்த்து நின்றதால் அவரை யாரும் பார்க்கவில்லை. ஒரு கயிறு கிணற்றுக்குள் போயிருந்தது. வரிசையாக ஆட்கள் அதைப் பிடித்திருந்தார்கள். ராயப்பனும் கடைசியில் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க விழுந்தது?" என்றார் முன்னால் நின்ற முதுகிடம்.

"நம்ம உபதேசியாரு!" திம்மப்பன் திரும்பாமலே விம்மினார். "துண்டு மேட்டுலயே இருக்குது!"

"ஐயையோ! நல்ல மனுசனாச்சே!" என்றார் ராயப்பன். கனவு இன்னும் முழுசாக விட்டுப் போகவில்லை. மனம் பதறிப்போய்ப் பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

முன்னால் சரசம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு யாரு முறை? யாரு முறைன்னு கேக்கறேன்!"

"என் முறைதாங்க்கா." கங்கப்பன் தரையில் உட்கார்ந்து அழுதான். "கம்பளி மேலயும் கீழயுமா அசைஞ்சுது. மூச்சு விடறாரு, தூங்கறாருன்னு மத்தியானம் வரைக்கும் காவல் இருந்தேன். கஞ்சி குடிக்க எழுப்பலாம்னு தூக்கிப் பாத்தா, உள்ள திம்மப்பண்ணன் கோழி. உபதேசியாரு இல்லை. ஒரு முட்டைதான் இருந்தது!"

கிணற்று விளிம்பில் இருதயநாதர் சாமியார் நின்றிருந்தார். முகம் வெளுத்துப்போய், கையை நீட்டி, கீழே இருக்கும் ஆத்துமத்துக்கு லத்தீனில் பாவமன்னிப்பு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கரட்டுக்குப் போகிற வழியில்தான் விழுந்திருக்கிறார், அனுப்பியது தானே என்ற நினைப்பில் அவர் குரல் உடைந்தது. அவர் சொல்லி நிறுத்திய இடத்தில், கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருவர் முப்பது வருஷப் பழக்கத்தில் லத்தீனில் கணீரென்று பதில் சொன்னார். வழக்கம்போல ஒரு வார்த்தையைத் தவறாகச் சொன்னார்.

சாமியார் தலையைத் தூக்கினார். அந்தத் தவறு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

அதே நேரத்தில், கிணற்றுக்குள் இறங்கித் தேடிய மதுரைவீரன் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். சகதியும் பாசியுமாகத் தலையை வெளியே நீட்டியவன், எதிரே கயிற்றைப் பிடித்து நின்ற ராயப்பனைப் பார்த்தான். "பேய்!" என்று ஒரே கத்து. கயிறு கையை விட்டு நழுவ, கிணற்றுக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எ... என்னையவா தேடறீங்க?" என்றார் ராயப்பன்.

பேய் இல்லை என்று உறுதிப்பட சரசம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே வசவு பொழிந்தாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். இரண்டிலும் அன்புதான் அதிகம். கங்கப்பன் அவர் காலைக் கட்டிக்கொண்டான். திம்மப்பன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், "சொல்ப உக்காருங்க, சொல்ப உக்காருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மதுரைவீரனை இரண்டாவது முறை இழுத்துப் போட்டார்கள். அவன் ஒரு மூலையில் போய்க் குந்தி, பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தான்.

ராயப்பன் அத்தனை முகங்களையும் பார்த்தார். பொய் போதும் என்றிருந்தது. காலையில் உட்கார்ந்த அந்தப் புல்வெளி இன்னும் நெஞ்சுக்குள் விரிந்து கிடந்ததால், இந்த முறை இருமல் வரவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. கிருஷ்ணகிரியும் இல்லை, தளியும் இல்லை. எல்லாம் பொய். செபம் பண்ணணும்னு கரட்டுமேல போனேன். ரொம்ப நேரம் தூங்கினேன். ஆரோக்கியத்தைப் பாத்தேன்." துண்டு இல்லாத தோளைத் தடவிக்கொண்டு தொடர்ந்தார். "உங்க வேலையெல்லாம் எனக்குச் சந்தோசந்தான். கூப்பிட்டா எப்பவும் வருவேன். ஆனா வாரத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு வேணும். யாரும் கூப்பிடாத நாளா வேணும். நான் இல்லாம நீங்க எவ்வளவு கஷ்டப்படுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். யாரும் மனசுல வெச்சுக்காதீங்க."

பண்ணைப் பக்கம் ஒரு குதிரை கனைத்தது கேட்டது. கங்கப்பன் சரசம்மாவைப் பார்த்தான். சரசம்மா திம்மப்பனைப் பார்த்தாள். திம்மப்பன் கிணற்றைப் பார்த்தார். கடைசியில் எல்லாருமாகச் சாமியாரைப் பார்க்க, அவர் ஒன்றும் புரியாமல் ராயப்பனைப் பார்த்தார். மனம் நோகச் செய்துவிட்டேனே என்று ராயப்பனுக்குக் கண் கலங்கியது. சரி, வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த மதுரைவீரன் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "ஏனுங்க உபதேசியாரே, ஆரோக்கியம்மா போனப்புறம் உங்களை ஒரு நாளும் தனியா விடப்படாதுன்னு பழைய சாமியாரு சொன்ன சொல்லுக்காவ, ரெண்டு வருசமா முறை வெச்சுக்கிட்டு, நல்லா இருக்கற வேலியையும் கூரையையும் நாங்களே பிச்சுப் போட்டு உங்களுக்கு வேலை குடுத்துக்கிட்டு இருக்கறோம், இந்த ஒரு நாளை முன்னாலயே கேட்டிருந்தீங்கன்னா, நாங்களும் ஒரு நாள் சும்மா கிடந்திருப்பமில்ல!" என்றான்.